காபிக் கடையில் குச்சு கட்டிய நாள்

2006-ஆம் வருடம், ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணி. பெங்களூரில் அல்சூர் ஏரியைத் தாண்டி மெயின் ரோட்டில் ஒரு காபிக் கடை. நின்று குடிக்கிற கடை இல்லை. கண்ணாடிக் கதவு போட்ட ஏசி கடை.

உள்ளே யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். கல்லாவில் மேனேஜர், கறுப்புச் சட்டை, முப்பது வயது இருக்கும். மேசை துடைக்கும் அக்கா, கையில் பச்சைத் துணி. காபி மெஷின் முன்னால் ஒருவர், முதுகு மட்டும்தான் தெரிந்தது. நடு மேசையில் லேப்டாப்போடு ஒரு தம்பி, காதில் ஒயர். சுவரோரம் லேப்டாப்போடு இரண்டு பெண்கள், எதிரெதிரே உட்கார்ந்திருந்தும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. கதவுப் பக்கம் பேப்பர் படிக்கும் பெரியவர் ஒருவர். கடைசியாக நான். என் பையில் மூன்று பட்டுப் புடவை.

அதற்கு முன்னால் அந்த மாதிரிக் கடைக்குள் நான் கால் வைத்ததில்லை. அன்று ஏன் வைத்தேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

நான் புடவைக்குக் குச்சு கட்டுகிறவள். முந்தானை ஓரத்தில் வரிசையாகத் தொங்கும் குஞ்சத்தை எங்கள் ஊரில் குச்சு என்போம். ஊசியில் பட்டுநூல் கோத்து விளிம்பில் ஏற்றி, நூலைக் கட்டாக மடக்கி, கழுத்தில் ஜரிகை சுற்றி இறுக்கி முடிச்சுப் போட வேண்டும். ஒரு முந்திக்குத் தொண்ணூற்றிரண்டு. நான் கட்டினால் தொண்ணூற்றிரண்டுதான் வரும். கூடினாலும் குறைந்தாலும் எங்கோ இடைவெளி தப்பு என்று அர்த்தம்.

பதினொரு வருடம் இன்னொரு அம்மா மூலமாகத்தான் வேலை வந்தது. அந்த அம்மா கடையில் வாங்கி வரும், எங்கள் தெருவில் ஏழெட்டுப் பேருக்குப் பிரித்துக் கொடுக்கும், பாதியை எடுத்துக்கொள்ளும். அந்த ஆவணியில்தான் முதல் தடவையாகக் கமர்ஷியல் ஸ்ட்ரீட் புடவைக் கடைக்கு நானே போய் நேராகக் கேட்டேன். கடைக்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் கட்டிய குச்சு ஒன்றைப் பார்த்தார். கல்யாணப் புடவை ஐந்தைத் தூக்கிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெண் வீட்டார் வந்து எடுத்துப்போவார்கள், ஐந்து என்றால் ஐந்து, இல்லை என்றால் பழைய ஆளிடமே கொடுத்துக்கொள்வேன் என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

இரண்டு புடவை முடிந்தது. புதன்கிழமை எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனது.

எங்களுடையது ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய லைன் வீடு. ஒரு அறை. ஒரே ஜன்னல், அதுவும் எதிர் வீட்டுச் சுவரைப் பார்த்தது. பகலிலும் டியூப் லைட் போட்டால்தான் வேலை ஆகும். மெழுகுவத்தி வைத்துக் கட்டிப் பார்த்தேன். மெரூன் நூலும் காபிப்பொடி நிற நூலும் ஒன்றாகத் தெரிந்தது. கட்டியதை எல்லாம் பிரித்தேன். மெழுகு ஒரு சொட்டு பட்டில் விழுந்தால் தொலைந்தது. மெழுகுவத்தியை அணைத்தேன்.

வியாழக்கிழமை ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போனேன். காற்று. நூல் நிற்கவில்லை. பெஞ்சுக்கு மேலே மரம் முழுக்கக் காக்கை. அரை மணியில் எழுந்து வந்துவிட்டேன். கோயில் மண்டபத்தில் உட்காரலாம் என்றால் எங்கு பார்த்தாலும் எண்ணெயும் குங்குமமும். தெரிந்தவர் வீட்டுக்குப் போகலாம் என்றால் தெரிந்தவர் எல்லாரும் அதே தெரு, அதே டிரான்ஸ்ஃபார்மர்.

திரும்பி வரும்போது அந்தக் காபிக் கடையைப் பார்த்தேன். தினம் பார்க்கிற கடைதான். சுவர் முழுக்கக் கண்ணாடி. வெளிச்சம் உள்ளே கொட்டிக் கிடந்தது. லேப்டாப் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் நான் காலையில் போகும்போது இருந்தவர்களே. ஒரு காபியை வாங்கி வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். யாரும் எழுப்பவில்லை.

அவர்களும் வேலை, நானும் வேலை. அவ்வளவுதான் நினைத்தேன்.

மறுநாள் நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன். இங்கிலீஷில் கேட்டால் என்ன சொல்வது என்ற பயம் மட்டும் இருந்தது. கேட்கவில்லை. காபி என்றேன், எந்தக் காபி என்றார்கள், பலகையில் முதலாவதாக இருந்ததைக் காட்டினேன். அந்த விலையில் எங்கள் தெருவில் ஆறு பேர் குடிக்கலாம். போகட்டும் என்று கண்ணாடிக்குப் பக்கத்தில் நாலு பேர் உட்காரும் மேசையைப் பிடித்தேன்.

இங்கேதான் நான் செய்த தப்பு.

எங்கள் லைனில் ஒரு பழக்கம் உண்டு. குச்சு கட்டும்போது புடவையை விரித்துப் போட இடம் வேண்டும். என் வாசற்படி போதாது. பக்கத்து வீட்டுப் படி, அதற்கடுத்த படி என்று மூன்று வீட்டுப் படியில் விரித்துக்கொள்வோம். யாரும் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. இன்று நான், நாளை அவர்கள். அதே பழக்கத்தில் இங்கேயும் விரித்துவிட்டேன். ஒரு நாற்காலியில் நான். ஒன்றில் பை. ஒன்றில் புடவை மடிப்பு. நான்காவது நாற்காலியின் முதுகில் முந்தியை ஒரு நூலால் இழுத்துக் கட்டிவிட்டேன். காபி சிந்தினால் ஆபத்து என்று டம்ளரைத் தூக்கி அடுத்த மேசையில் வைத்துவிட்டேன். ஆக, கடையில் இருந்த ஆறு மேசையில் என்னிடம் மேசை இரண்டு, நாற்காலி நாலு.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெளிச்சம் அப்படி இருந்தது. பட்டுநூலின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. கை தானாக ஓடியது. முப்பத்தெட்டு கட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

மேசை துடைக்கும் அக்கா பக்கத்தில் நின்றிருந்தார். தமிழ்தான், எங்கள் பக்கத்துப் பேச்சு.

"இன்னாம்மா, கல்யாணச் சத்திரம்னு நெனச்சிக்கினியா? அடுப்பு மட்டும்தான் பாக்கி."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் மேனேஜர்.

அவர் கன்னடத்தில் ஆரம்பித்தார். நானும் கன்னடத்தில் பதில் சொன்னேன், அல்சூரில் பிறந்தவளுக்கு அது கஷ்டமில்லை. என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். இது காபி ஷாப், டைலர் கடை இல்லை, இதெல்லாம் இங்கே செய்யக் கூடாது என்றார். சத்தம் போடவில்லை. ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் கேட்டேன். "அவங்கல்லாம் என்ன பண்றாங்க சார்?"

"அவங்க ஒர்க் பண்றாங்க."

"நானும் அதான் சார் பண்றேன்."

நடு மேசைத் தம்பி காதிலிருந்து ஒரு ஒயரைக் கழற்றினான். மேனேஜர் என் மேசையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு சொன்னது இது.

"அவங்களுக்கு ஒரு சேர் அம்மா. உங்களுக்கு நாலு சேர். அங்கே பாருங்க."

கதவைக் காட்டினார். வயதான கணவனும் மனைவியும் உட்கார இடம் பார்த்து நின்றுவிட்டு அப்போதுதான் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா கையில் ஊன்றுகோல். எவ்வளவு நேரம் நின்றார்களோ தெரியாது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. கீழே குனிந்தால் என் காலைச் சுற்றி வெட்டிய நூல் குப்பை.

  காது சூடாகிவிட்டது. மூன்று வீட்டுப் படி எங்கள் லைனில் சரி. இங்கே யார் எனக்குப் பக்கத்து வீடு?

நாற்காலியில் போட்ட நூல் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், வரவில்லை. கத்தரியால் வெட்டினேன். புடவையைச் சுருட்டிப் பையில் போட்டேன். ஓடிப்போய்க் கதவைத் திறந்து அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டேன். மேசை காலி, வாங்க என்றேன். அவர்கள் என்னைக் கடை ஆள் என்று நினைத்திருப்பார்கள். வந்து உட்கார்ந்தார்கள். நான் தரையில் கிடந்த நூலை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். மேசை துடைக்கும் அக்கா, துடைப்பம் இருக்கு விடும்மா என்றார். பட்டுநூல் துடைப்பத்துக்கு வராது, ஒட்டிக்கொள்ளும். கையால்தான் எடுக்க வேண்டும். எடுத்தேன்.

பிறகு மேனேஜரிடம் போனேன். நாலு சேர் எடுத்தது என் தப்பு என்றேன். ஒரு சேர் கொடுங்கள், மணிக்கு ஒரு தடவை ஏதாவது வாங்குகிறேன், நூல் ஒன்றுகூடக் கீழே விழாது, சாயங்காலம் ஐந்து மணிக்கு மூன்று புடவை போய்ச் சேர வேண்டும், எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. இவ்வளவுதான் சொன்னேன். அழவில்லை. அழுதால் உட்கார விடுவார்கள், ஆனால் வேலை ஓடாது.

அவர் கண்ணாடியை ஒட்டி நீளமாக அடித்திருந்த பலகையைக் காட்டினார். அதன் முன்னால் உயரமான ஸ்டூல்கள். ஓரத்து ஸ்டூலில் உட்காரச் சொன்னார். மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பிடுகிறவர்கள் வருவார்கள், அப்போது வேலை பார்க்கிறவர்கள் எழுந்துவிட வேண்டும் என்றார்.

"எல்லாருமா சார்?" என்றேன்.

"எல்லாரும்தான்" என்றார். ஆனால் கண் வேறு பக்கம் போனது.

அந்த ஸ்டூலில் ஏறுவது பெரும்பாடு. புடவை கட்டிக்கொண்டு ஏறிப் பாருங்கள், தெரியும். கால் தரையில் படாது. ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்கள். மீன் தொட்டி மாதிரி. கொஞ்ச நேரத்தில் மறந்துவிட்டேன். ஏனென்றால் அந்தப் பலகை என் வேலைக்கென்றே அடித்த மாதிரி இருந்தது.

புடவை முழுவதும் மடித்தபடி பைக்குள், பை மடியில். முந்தியில் ஒரு சாண் மட்டும் பலகைமேல். அதன்மேல் என் இரும்புக் கத்தரி, கனத்துக்கு. விளிம்பு பலகையிலிருந்து இறங்கித் தொங்கியது. கட்டிய குச்சு எல்லாம் தன் எடையில் நேராக நின்றது. தரையில் உட்கார்ந்து மூன்று வீட்டுப் படியில் விரித்துக் கட்டியபோது ஒருநாளும் இவ்வளவு வேகம் வந்ததில்லை. பதினொரு வருடமாக நான் விரித்ததே வீண் என்று தெரிந்தது. நாலு நாற்காலி தேவையே இல்லை. ஒன்று போதும்.

வெட்டுகிற நூலை இடுப்பில் செருகிய சுருக்குப் பையில் போட்டேன். பத்தரைக்கு ஒரு காபி வாங்கினேன். பட்டுக்குப் பக்கத்தில் காபி ஆகாது, அதனால் வெளியே போய் நின்று குடித்துவிட்டு, கை துடைத்துக்கொண்டு வந்தேன். பதினொன்றரைக்கு இன்னொன்று. அது எனக்குப் பழக்கமில்லாத காபி. கசப்பு, கெட்டி. காலையில் வாங்கியதோடு சேர்த்து மூன்றாவது. விரல் நடுங்க ஆரம்பித்தது. ஊசிக் கண் இரண்டாகத் தெரிந்தது. பயந்துவிட்டேன். மேசை துடைக்கும் அக்கா பார்த்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். இதைக் குடிப்பதற்கு லேப்டாப்காரர்கள் இருக்கிறார்கள், நீ பன் வாங்கிக்கோ என்றார். அதற்குப் பிறகு பன்தான்.

முதல் புடவை முடிந்தது. இரண்டாவதில் எண்பது கட்டியபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. இன்னும் பன்னிரண்டுதான் பாக்கி. பத்துப் பதினைந்து நிமிடம் இருந்தால் முடியும். கை எழவில்லை. ஆனால் சொன்னது சொன்னது. கத்தரியை எடுத்தேன், மடித்தேன், பலகையைத் துடைத்தேன், இறங்கினேன்.

வேறு யாரும் எழவில்லை.

நடு மேசைத் தம்பி போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான். சுவரோரப் பெண்கள் நிமிரவே இல்லை.  வெளியே போய்ப் பக்கத்துக் கடைப் படியில் உட்கார்ந்தேன். அந்தக் கடை அன்று மூடியிருந்தது.

ஒரு மணி நேரம் என்றால் எனக்கு ஐம்பது குச்சு. சும்மா இருக்க முடியாது. மூன்றாவது புடவை கல்யாணப் பெண்ணுடையது, அதில் ஒவ்வொரு குச்சுக்கும் கழுத்தில் ஒரு முத்து வைக்க வேண்டும். முத்துக் கோப்பதற்கு மேசை வேண்டாம், கையும் கண்ணும் போதும். முத்தை ஒவ்வொன்றாக உரசிப் பார்த்து, ஓட்டை சரியில்லாததைத் தள்ளி, தொண்ணூற்றிரண்டை இழைக்கு ஒன்றாகக் கோத்துத் தயாராக வைத்தேன்.

நடுவில் மேசை துடைக்கும் அக்கா குப்பை கொட்ட வெளியே வந்தார்.

"உள்ள ஒருத்தரும் எந்திரிக்கல. நீ மட்டும் இன்னாத்துக்கு வெயில்ல குந்திக்கினு கீற?"

"எந்திரிக்கிறேன்னு சொன்னேன்க்கா."

"அவங்களுக்குந்தான் சொன்னாங்க."

"அது அவங்க சமாச்சாரம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனார். போய் என்ன சொன்னாரோ தெரியாது. கண்ணாடி வழியாக மேனேஜர் என்னைப் பார்ப்பது தெரிந்தது. சாப்பிட வந்த இரண்டு கூட்டம் இடம் இல்லாமல் திரும்பிப் போனது. நாலு பேர் மேசையில் நடுவே ஒரே ஒரு தம்பி. மேனேஜர் கல்லாவிலிருந்து இறங்கி அவனிடம் போனார். என்ன பேசினார் என்பது கேட்கவில்லை. கை மட்டும் தெரிந்தது. அது கண்ணாடிக்கு வெளியே, படியில் உட்கார்ந்திருந்த என்னைக் காட்டியது.

தம்பி எழுந்தான். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பலகைப் பக்கம் வந்தான். சுவரோரப் பெண்களும் பக்கத்து மேசையில் பரப்பியிருந்த சாமான்களைத் தங்கள் மேசைக்கே எடுத்துக்கொண்டார்கள். காலி மேசையில் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது.

இரண்டு மணிக்கு நான் போனேன். என் ஓரத்து ஸ்டூலில் யாரும் இல்லை. அதன்மேல் பச்சைத் துணி விரிந்து கிடந்தது. மேசை துடைக்கும் அக்கா துணியை எடுத்து உதறிக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி நகர்ந்தார்.

அடுத்த ஸ்டூலில் அந்தத் தம்பி. கோயமுத்தூர்ப் பக்கம், பேச்சிலேயே தெரிந்தது. மூன்று நாளாகத் தூங்காத முகம். அவனுக்கும் ஐந்து மணிக்குள் எதையோ அனுப்ப வேண்டுமாம், வீட்டில் இன்டர்நெட் வேலை செய்யவில்லையாம். போனில் சத்தமாகப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டான். அதற்குப் பிறகு போன் வந்தபோதெல்லாம் வெளியே போய்ப் பேசினான்.

பாக்கிப் பன்னிரண்டையும் முடித்துக் கல்யாணப் பெண்ணின் புடவையை எடுத்தேன். அரக்கு நிறம். முத்து தயாராக இருந்ததால் கை நிற்கவில்லை. இருபது. முப்பது.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.

 இங்கேயுமா என்று இருந்தது. உடனே ஜெனரேட்டர் ஓடியது. எல்லாரும் மூச்சு விட்டார்கள். இருபது நிமிடம் ஓடி அதுவும் நின்றது. டீசல் தீர்ந்துவிட்டதாம், வாங்கி வைக்க மறந்துவிட்டார்களாம். மேனேஜர் போனை எடுத்து யாரையோ கன்னடத்தில் வாங்கு வாங்கு என்று வாங்கினார்.

காபி மெஷின் நின்றது. ஏசி நின்றது. கடையின் உள்பக்கம் இருட்டு. சுவரோரப் பெண்கள் பத்து நிமிடம் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். பேப்பர் படித்த பெரியவர் எப்போதோ போய்விட்டார். தம்பி லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டரி போய்க்கொண்டிருந்தது. நான் தலையை நிமிர்த்தவில்லை. கண்ணாடி ஓரத்தில் வானத்து வெளிச்சம் இருந்தது. எனக்கு அது போதும்.

அவன் என் கையையே பார்த்தான். பிறகு கேட்டான்.

"அக்கா, உங்களுக்குச் சார்ஜ் எவ்வளவு நேரமுங்க நிக்கும்?"

"ரெண்டு இட்லி போட்டா சாயங்காலம் வரைக்கும் நிக்கும் தம்பி."

சிரித்தான். அந்த நாளில் அவன் சிரித்தது அது ஒன்றுதான். கொஞ்ச நேரத்தில் லேப்டாப் திரை கறுப்பானது. மூடினான். ஆட்டோ பிடித்து ஆபீசுக்கே போகிறேன் என்று ஓடினான். போகும்போது, நீங்க ஜெயிச்சிட்டீங்கக்கா என்றான். இன்னும் நாற்பது பாக்கி, ஒன்றும் பேசாதே என்றேன். அனுப்பினானா இல்லையா, தெரியாது. அனுப்பியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

நாலு பத்துக்குக் கடைசி முடிச்சு. ஆனால் அதோடு முடியவில்லை. குச்சு நுனியை ஒரே அளவாக வெட்ட வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முந்தியை இரண்டு பக்கமும் பிடித்து விறைப்பாக இழுக்க வேண்டும், ஒருவர் வெட்ட வேண்டும். எங்கள் லைனில் பக்கத்து வீட்டுப் பெண் பிடிப்பாள். இங்கே அக்கா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், கை ஈரம். ஈரக் கை பட்டில் படக்கூடாது.

மேனேஜர் வேலை இல்லாமல் நின்றிருந்தார். நான் கேட்கவில்லை. முந்தியை நானே பல்லில் கடித்துப் பிடிக்கப் பார்த்ததைப் பார்த்துவிட்டு வந்தார். கையைச் சட்டையில் துடைத்தார். பத்தாது சார், கழுவித் துடைங்க என்றேன். போய்க் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். மூன்று புடவைக்கும் பிடித்தார். கொஞ்சம் இறக்குங்க, இந்தப் பக்கம் ஏத்துங்க, அசையாதீங்க என்று நான் சொல்லச் சொல்லச் செய்தார். காலையில் என்னை எழுப்ப வந்தவர்.

ஒரு முந்திக்கு எத்தனை என்று கேட்டார். தொண்ணூற்றிரண்டு என்றேன். நம்பவில்லை. கல்யாணப் பெண்ணின் புடவையைப் பிடித்துக்கொண்டே கன்னடத்தில் வாய்விட்டு எண்ணினார். பாதியில் தப்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். சரியாக வந்தது. தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

பலகையைத் துடைத்தேன். ஸ்டூலைத் துடைத்தேன். அதன் கீழே குனிந்து பார்த்தேன். நூல் இல்லை. மேசை துடைக்கும் அக்கா வந்து, அவர் பங்குக்கும் ஒரு தடவை குனிந்து பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் வேல வெக்கலயே. நாளைக்கும் வா."

ஆட்டோவில் புடவை மூன்றையும் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போனேன். வீட்டில் முடித்து வைத்திருந்த இரண்டையும் வழியில் நிறுத்தி எடுத்துக்கொண்டேன். கமர்ஷியல் ஸ்ட்ரீட் கடைக்குள் நுழைந்தபோது ஐந்துக்குப் பத்து நிமிடம்.

உள்ளே பழைய அம்மா உட்கார்ந்திருந்தார். எனக்குப் பதினொரு வருடம் வேலை பிரித்துக் கொடுத்தவர். எங்கள் தெருவில் கரண்ட் இல்லை என்பது அவருக்குத் தெரியும். நான் வரமாட்டேன், வேலை திரும்பித் தன்னிடம் வரும் என்று முன்னாலேயே வந்து காத்திருந்தார். மடியில் காலிப் பை தயாராக வைத்திருந்தார்.

நான் ஐந்து புடவையையும் கல்லாமேல் வைத்தேன்.

கடைக்கார அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்தார். முந்தியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். விரலால் குச்சைக் கோதிப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், முடிச்சு அங்கேதான் தெரியும். கல்யாணப் பெண்ணின் புடவையில் ஒரு முத்தை நகத்தால் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.  திரும்பி அலமாரியிலிருந்து எட்டுப் புடவைக் கட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். செவ்வாய்க்கிழமை என்றார்.

பழைய அம்மா எழுந்தார். பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"கரண்டே இல்லாம எப்டிடி கட்டுன?"

"காபி குடிச்சேன்க்கா" என்றேன்.

 அவரிடம் கோபம் இல்லை. வேலை கற்றுக்கொண்டது அவர் கொடுத்த புடவையில்தான்.

அதற்கப்புறம் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது. ஆனாலும் பெரிய வேலை வந்தால் அந்தக் காபிக் கடைக்குப் போவேன். ஓரத்து ஸ்டூல். ஒன்றிலிருந்து இரண்டு வரை பக்கத்துக் கடைப் படி. ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, ஸ்கூல் வாசல் என்று காத்திருக்கிற இடத்திலெல்லாம் ஊசி எடுக்கிறேன். எங்கே உட்கார்ந்தாலும் முதலில் சுற்றிப் பார்க்கிறேன், யாராவது நிற்கிறார்களா என்று. எழும்போது குனிந்து கீழே பார்க்கிறேன். நாலு சேர் என்று அவர் சொன்ன அந்த ஒரு பேச்சு அன்று சுட்டது. அது சுடாமல் இருந்திருந்தால் நான் நியாயம் பேசிக்கொண்டே வெளியே போயிருப்பேன், புடவை பையிலேயே இருந்திருக்கும். ஒரு நாற்காலி அளவுக்கு என்னைச் சுருக்கிக்கொண்ட நாளில்தான் என் வேலை முழுசாக என் கைக்கு வந்தது.

அன்று கட்டிய குச்சு, இருநூற்று எழுபத்தாறு.